கருப்பு ஓரம், காணாமல் போன ஆல்ஃபா: வீடியோ எடிட்டிங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசைன் செய்த இடத்தில் சுத்தமாக இருந்த பெயர், டைம்லைனில் ஏற்றியதும் சுற்றிலும் கரிக்கோடு கட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு நாள் டிரான்ஸ்பரன்டாக எக்ஸ்போர்ட் செய்த லோகோ கருப்புப் பெட்டியோடு வந்து சேரும். ஆல்ஃபா என்பது சிவப்பு, பச்சை, நீலத்தோடு ஒவ்வொரு பிக்சலுக்கும் சேர்த்து வைக்கும் நாலாவது எண். 8 பிட்டில் 0 என்றால் அந்த இடம் காலி, 255 என்றால் முழுக்க மூடும். கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே கணக்கில் வந்து நிற்கும்: நிறத்தை ஆல்ஃபாவால் எத்தனை தடவை பெருக்கியிருக்கிறது? ஒரு தடவைதான் பெருக்க வேண்டும். இரண்டு தடவை பெருக்கினால் ஓரம் கறுக்கும், பெருக்காமலே விட்டால் பளிச்சிடும்.

வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கருப்பு ஓரம் தெரிகிறது. மாஸ்க் சரியில்லையா?

மாஸ்க்கில் குற்றமில்லை. எழுத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி எழுத்து, பாதி காலி, அதனால் ஆல்ஃபா 50 சதவீதம். இதைக் கோப்பில் எழுத இரண்டு வழக்கங்கள் உண்டு. ஸ்ட்ரெயிட் முறையில் நிறம் 255 என முழு வெள்ளையாகவே கிடக்கும், அதில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை ஆல்ஃபா சொல்லும். பிரீமல்டிப்ளைடு முறையில் நிறத்தை முன்கூட்டியே ஆல்ஃபாவால் பெருக்கி 128 என்று எழுதிவைப்பார்கள்.

அடியில் வெள்ளைச் சுவர், அதன் மதிப்பு 255 என்று வையுங்கள். ஸ்ட்ரெயிட் கோப்பை ஸ்ட்ரெயிட்டாகவே படித்தால் எழுத்தில் பாதியும் சுவரில் பாதியும் சேர்ந்து 255 வரும். வெள்ளை மேல் வெள்ளை, ஓரமே தெரியாது. பிரீமல்டிப்ளைடு கோப்பை ஸ்ட்ரெயிட் என்று நினைத்துப் படித்தால், ஏற்கெனவே பாதியான 128-ஐ மென்பொருள் இன்னொரு தடவை பாதியாக்கி 64 ஆக்கும். சுவரின் பங்கு 128. கூட்டினால் 192. இரண்டு வெள்ளைக்கு நடுவே ஒரு சாம்பல் பிக்சல் முளைத்துவிட்டது. எழுத்தைச் சுற்றி அப்படி வரிசையாக நிற்பவைதான் அந்தக் கரிக்கோடு.

இதே பிழை கருப்புப் பின்னணியிலும் இருக்கும். 128 வர வேண்டிய இடத்தில் 64 வரும், ஆனால் கண்ணில் படாது, எழுத்து கொஞ்சம் மெலிந்ததுபோலத் தோன்றும், அவ்வளவுதான். கருப்பின் மேல் வைத்துப் பார்த்து ஓகே செய்துவிடுவதால், வெளிச்சமான மண்டபக் காட்சி வரும்வரை பிடிபடாது. டைட்டிலைச் சோதிக்க வெள்ளை, நடுச்சாம்பல், அடர் சிவப்பு என மூன்று பின்னணி போதும்.

திருத்தும் இடங்கள், மென்பொருள் வாரியாக, இவை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் புராஜெக்ட் பேனலில் கோப்பைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஆல்ட்+ஜி, மேக்கில் கமாண்ட்+ஆப்ஷன்+ஜி. திறக்கும் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் பெட்டியில் 'பிரீமல்டிப்ளைடு - மேட்டட் வித் கலர்' என்பதைத் தேர்ந்து, பக்கத்து நிறக்கட்டத்தில் கருப்பு வையுங்கள். ஓரத்தில் கருப்புக்குப் பதில் வெள்ளை ஒளிவட்டம் தெரிந்தால் கோப்பு வெள்ளை மேல் பெருக்கப்பட்டது, கட்டத்திலும் வெள்ளை கொடுங்கள். பிரீமியரில் கிளிப்பின் மேல் ரைட் கிளிக், மாடிஃபை, இன்டர்பிரெட் ஃபுட்டேஜ். ரிசால்வில் கிளிப் அட்ரிபியூட்ஸ் பெட்டியில் ஆல்ஃபா மோட் என்ற வரி. நோடுகளை (வேலைக்கு ஒன்றாக வைக்கும் பெட்டிகளை) இணைத்து வேலை செய்யும் ஃபியூஷனில் கோப்பைத் தொட வேண்டியதில்லை: மெர்ஜ் நோடில் உள்ள ஸ்லைடரை பிரீமல்டிப்ளைடு படத்துக்கு அடிட்டிவ் பக்கமும் ஸ்ட்ரெயிட்டுக்கு சப்ட்ராக்டிவ் பக்கமும் தள்ளினால் போதும்.

பலர் கையில் எடுக்கும் குறுக்கு வைத்தியம், மேட்டை, அதாவது எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபா வடிவத்தை, ஒரு பிக்சல் உள்ளே அரிப்பது. கோடு மறையும். கூடவே 'ணை', 'னை' சுழிகளும் மெய்யெழுத்துப் புள்ளிகளும் மெலிந்து போகும். தடித்த ஆங்கில எழுத்து தாங்கும் அளவுக்குச் சன்னமான தமிழ் எழுத்து தாங்காது.

ஓரம் கருப்பாக இல்லை, ரம்பப் பல் போல வெளுத்துத் தெரிகிறது. இது வேறு வியாதியா?

அதே வியாதிதான், தலைகீழாக. ஸ்ட்ரெயிட் கோப்பை பிரீமல்டிப்ளைடு என்று படித்திருக்கிறது. அடியில் 100 அளவு சாம்பல் இருந்தால் ஓரப் பிக்சல் 127 + 50 = 177 வர வேண்டும். பெருக்காமல் 255-ஐ அப்படியே கூட்டுவதால் 305 வந்து, 255-இல் முட்டி நின்றுவிடும். மென்மையான ஓரம் முழுதும் இப்படி முட்டினால் மிருது போய்ப் படிக்கட்டுதான் மிஞ்சும்.

கோப்பு எந்த வழக்கத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிஎன்ஜி என்றால் யோசிக்க வேண்டாம், அதன் விதிப்படி ஸ்ட்ரெயிட். ஓபன்இஎக்ஸ்ஆர் பிரீமல்டிப்ளைடு. டிஃப் இரண்டையும் அனுமதிக்கும். குவிக்டைம் கோப்பில் பெயரையும் நீட்சியையும் பார்த்துச் சொல்ல முடியாது, எக்ஸ்போர்ட் செய்தவர் எதை டிக் செய்தார் என்பதைப் பொறுத்தது.

சோதனை எளிது. ஆல்ஃபாவை இக்னோர் செய்துவிட்டு நிறத்தை மட்டும் பாருங்கள். கருப்பின் மேல் எழுத்து மிருதுவான ஓரத்தோடு அழகாக இருந்தால் பிரீமல்டிப்ளைடு. நிறம் வடிவத்துக்கு வெளியே வழிந்து, புகையும் நிழலும் இருக்க வேண்டிய இடத்தில் திட்டுத்திட்டாகக் கட்டி நின்றால் ஸ்ட்ரெயிட். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உள்ள 'கெஸ்' பட்டனை முழுக்க நம்ப வேண்டாம். பனிமூட்டம் மாதிரி எங்குமே முழு ஆல்ஃபா இல்லாத கிளிப்பில் அதன் ஊகம் தப்பலாம்.

இரண்டு வழக்கம் ஏன் வந்தது என்றால், இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. 1970-களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் ஆல்ஃபாவைப் படத்தோடு சேர்த்துவைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். 1984-இல் லூகாஸ்ஃபிலிமின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் வெளியிட்ட கட்டுரை, முன்பே பெருக்கிவைத்தால் அடுக்கும் கணக்கு எவ்வளவு சுருங்கும் என்று காட்டியது. 1996-இல் வந்த பிஎன்ஜியோ, நிறம் கெடாமல் இருக்கட்டும் என்று ஸ்ட்ரெயிட் பக்கம் நின்றது. 8 பிட்டில் அந்தப் பயம் நியாயமானதே: ஆல்ஃபா 10 உள்ள பிக்சலை முன்பே பெருக்கிவிட்டால் நிறத்துக்கு 0 முதல் 10 வரை 11 படிகள்தான் மிஞ்சும். பிறகு வகுத்தாலும் போனது திரும்பாது.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பை பிளேயரில் போட்டால் கோரமாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சாதாரண பிளேயர் ஆல்ஃபாவைக் கண்டுகொள்ளாமல் நிறத்தை மட்டும் காட்டும். ஸ்ட்ரெயிட் கோப்பு அப்படிப் பார்த்தால் கோரமாகத்தான் இருக்கும். டைம்லைனில் வேறு வீடியோ மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வாங்கும் வாடிக்கையாளருக்கு இதை முன்பே ஒரு வரி எழுதி அனுப்புவது நல்லது, இல்லையென்றால் இரவு பத்து மணிக்குப் போன் வரும்.

எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்தேன், டிரான்ஸ்பரன்சி போய்விட்டது. எந்த ஃபார்மட்டில் எடுப்பது?

வழக்கமான எச்.264 எம்பி4-இல் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. எந்த செட்டிங் மாற்றினாலும் வராது. எடிட்டிங்குக்குப் போகும் கோப்பென்றால் புரோரெஸ் 4444. பெயரில் நாலு 4 இருக்க வேண்டும், புரோரெஸ் 422 எச்க்யூ எவ்வளவு தரமானாலும் ஆல்ஃபா தாங்காது. 1080பி, நொடிக்கு 29.97 ஃபிரேமில் 4444-இன் இலக்கு அளவு ஆல்ஃபா சேர்க்காமலே நொடிக்குச் சுமார் 330 மெகாபிட், அதாவது பத்து நொடிக்கு 400 மெகாபைட்டைத் தாண்டும். பெரும்பகுதி காலியான டைட்டிலுக்கு அதைவிட நன்றாகக் குறையும்.

கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) சரியாக இருந்தும் ஆல்ஃபா வரவில்லையென்றால், அதற்கென உள்ள இரண்டாவது டிக்கை மறந்ததே பெரும்பாலும் காரணம். பிரீமியரில் டெப்த் என்ற இடத்தில் '+ ஆல்ஃபா' என்று முடியும் தேர்வை எடுக்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அவுட்புட் மாட்யூலில் சேனல்ஸ் 'ஆர்ஜிபி + ஆல்ஃபா' ஆக இருக்க வேண்டும், அங்கேயே ஸ்ட்ரெயிட்டா பிரீமல்டிப்ளைடா என்றும் கேட்கும். எதைக் கொடுத்தீர்களோ அதைக் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ரிசால்வில் டெலிவர் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் ஆல்ஃபா' டிக். கலர் பக்கத்தில் கீ போட்டிருந்தால் (ஒரு நிறத்தைக் காலியாக்கியிருந்தால்) நோடு வெளியில் ரைட் கிளிக் செய்து ஆல்ஃபா அவுட்புட் சேர்த்து, நீல முனையை அதற்கு இழுத்து இணைக்காதவரை அந்தக் கீ வெளியே போகாது. விண்டோஸில் புரோரெஸ் எழுதாத பழைய ரிசால்வ் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் 444 அல்லது சினிஃபார்ம் உதவும்.

வலைதளத்துக்கு வேறு கதை. குரோமில் விபி9 வெப்எம் ஆல்ஃபாவோடு ஓடும், சஃபாரிக்கு எச்இவிசி ஆல்ஃபா வேண்டும். ஆப்பிள் அதை 2019-இல் கொண்டுவந்தது. இரண்டையும் எடுத்துவைப்பதே வழி. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றி மென்பொருளில் வெப்எம் கோப்பை மாற்றும்போது கருப்புப் பின்னணி வந்தால் பயப்படாதீர்கள். பல பதிப்புகளில் அதன் சொந்த விபி9 டிகோடர் ஆல்ஃபாவைப் படிப்பதில்லை. இன்புட்டுக்கு முன்னால் டிகோடராக லிப்விபிஎக்ஸ்-விபி9 என்று குறிப்பிட்டால் திரும்பி வரும்.

வாட்ஸ்அப்பில் வந்த லோகோவில் வெள்ளைப் பெட்டி. அனுப்பியவர் டிரான்ஸ்பரன்ட் என்று சத்தியம் செய்கிறார்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை ஜேபெக் ஆக்கிவிடும், ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கட்டம் கட்டமான சாம்பல்-வெள்ளைப் பின்னணியோடு இணையத்தில் இறக்கிய 'பிஎன்ஜி' என்றால் அந்தக் கட்டம் படத்திலேயே வரையப்பட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

இரண்டு கிளிப்பை ஓபாசிட்டி கீஃபிரேம் போட்டுக் கலக்கும்போது நடுவில் இருட்டுகிறது. ஏன்?

50 சதவீதமும் 50 சதவீதமும் சேர்ந்தால் 100 என்று மனம் கணக்குப் போடுகிறது. அடுக்கும் கணக்கு அப்படி இல்லை. மேல் கிளிப் 50 சதவீதம் மூடும், மிச்சம் 50. அந்த மிச்சத்தில் பாதியைத்தான் கீழ்க் கிளிப் மூடும், அது 25. மொத்தம் 75. மீதி 25 சதவீதத்தில் அடியிலிருக்கும் கருப்பு எட்டிப் பார்க்கிறது.

கீழ்க் கிளிப்பை 100-லேயே விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் இறக்குங்கள். இரண்டுமே டிரான்ஸ்பரன்ட் டைட்டில்களாக இருந்தால் இந்த வழி உதவாது, கீழே இருப்பது ஆரம்பத்திலேயே முழுசாகத் தெரிந்துவிடும். அங்கே கிராஸ் டிசால்வ் டிரான்சிஷன் போடுங்கள், அது இரண்டின் பங்கையும் கூட்டுகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'ஆல்ஃபா ஆட்' என்ற பிளெண்ட் மோட் இதற்கென்றே இருக்கிறது. ஒரே வடிவத்தை இரண்டாக வெட்டி ஒட்டும்போது நடுவில் தெரியும் மயிரிழைக் கோட்டுக்கும் அதுதான் மருந்து, ஏனென்றால் அந்தக் கோடும் இதே 75 சதவீதம்தான்.

இதன் உடன்பிறப்பு ஒன்று: பட்டைமேல் பெயர், பெயர்மேல் லோகோ என்று மூன்று லேயரையும் தனித்தனியாக மங்கவைத்தால், மங்கும் வழியில் லோகோவுக்குள் பெயரும் பெயருக்குள் பட்டையும் தெரியும். மூன்றையும் நெஸ்ட் அல்லது பிரீகாம்ப் செய்து ஒரே லேயராகக் கட்டி, அந்த ஒன்றுக்கு மட்டும் ஓபாசிட்டி கொடுங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் போட்ட நிழல் பிரீமியரில் வெளுத்துவிடுகிறது. ஆல்ஃபா செட்டிங் எல்லாம் சரிதான்.

அப்படியானால் பெருக்கல் சரி, எந்த அளவுகோலில் கலக்கிறது என்பதில்தான் வேறுபாடு. வெள்ளை மேல் 50 சதவீதக் கருப்பை கோப்பில் எழுதியிருக்கும் வழக்கமான காமா மதிப்பில் கலந்தால் 128 வரும். உண்மை ஒளியின் அளவில், அதாவது லீனியரில் கலந்துவிட்டு, திரைக்கான எஸ்ஆர்ஜிபி மதிப்புக்குத் திருப்பினால் 188. பிரீமியரின் சீக்வென்ஸ் செட்டிங்ஸில் 'கம்போசிட் இன் லீனியர் கலர்' வழக்கமாக டிக் ஆகியே வரும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அதற்கு இணையான 'பிளெண்ட் கலர்ஸ் யூஸிங் 1.0 காமா' வழக்கமாக அணைந்திருக்கும். ஆகவே நிழல் பிரீமியரில் இளைக்கிறது, வெள்ளை ஒளிவட்டம் கூடுகிறது.

இயற்கையாக இருப்பது லீனியர்தான். சிவப்பும் பச்சையும் சந்திக்கும் மங்கலான ஓரத்தில் காமா கலவை அழுக்குப் பழுப்பைத் தரும், லீனியர் தராது. ஆனாலும் முடிந்துபோன டைட்டிலுக்காக ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இப்போது டிக் போடாதீர்கள், எல்லா ஃபெதரும் (மிருதுவாக்கிய ஓரமும்) நிழலும் சேர்ந்து மாறும். வேலை முடிந்திருந்தால் பிரீமியரில் டிக்கை எடுப்பது மலிவு. புது வேலையென்றால் முதல் நாளே இரண்டிலும் ஒன்றாக வையுங்கள்.

கருப்புப் பின்னணியில் உள்ள தீ, புகை கிளிப்புக்கு ஸ்கிரீன் மோட் போட்டேன். வானத்தின் மேல் தீயே தெரியவில்லை, இருட்டுக் காட்சியிலோ ஒரு சாம்பல் பெட்டி.

இரண்டுக்கும் காரணம் வேறு. ஸ்கிரீன் எதையும் மறைப்பதில்லை, வெளிச்சம் மட்டும் கூட்டும். தீ 0.5, வானம் 0.8 என்றால் 1 − (0.5 × 0.2) = 0.9. 0.8-க்கும் 0.9-க்கும் இடையில் என்ன தீ தெரியும்? வெளிச்ச வானத்தின் மேல் தீ வேண்டுமென்றால் ஆல்ஃபாவோடு வரும் கிளிப் வாங்குங்கள். அல்லது வெளிச்சத்திலிருந்து ஆல்ஃபாவைப் பிரித்தெடுக்கும் அன்மல்ட் வகை பிளக்இன் போட்டு, அடியில் சற்று இருட்டான ஒரு பிரதியையும் வையுங்கள். கரும்புகைக்கு ஸ்கிரீன் எந்தக் காலத்திலும் உதவாது, அதற்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்து மல்டிப்ளை.

சாம்பல் பெட்டிக்குக் காரணம், கிளிப்பின் கருப்பு உண்மையில் 0 இல்லை. லெவல்ஸில் இன்புட் பிளாக்கை 5, 8, 12 என்று பெட்டி மறையும்வரை ஏற்றி, அதோடு நிறுத்துங்கள். மேலும் ஏற்றினால் புகையின் மெல்லிய நுனிகள் போய்விடும்.

லூமா மேட் போட்டால் மறைய வேண்டியது லேசாகத் தெரிகிறது, தெரிய வேண்டியது முழுசாகத் தெரியவில்லை.

லூமா மேட் ஒரு வீடியோவின் வெளிச்சத்தையே ஆல்ஃபாவாக எடுத்துக்கொள்ளும்: வெள்ளை மூடும், கருப்பு காலி. மேட்டாக வைத்த வீடியோவின் வெள்ளை எங்கே நிற்கிறது என்று இன்ஃபோ பேனலில் பாருங்கள். வீடியோ வழக்கப்படி கருப்பு 16, வெள்ளை 235 என்று எழுதிய கோப்பை விரிக்காமல் அப்படியே படித்தால், 235-ஐ 255-ஆல் வகுத்து 92 சதவீதம்தான் மூடும், 16 காரணமாக 6 சதவீதம் கசியும். லெவல்ஸில் இன்புட் பிளாக் 16, ஒயிட் 235 கொடுத்தால் தீர்ந்தது. பேனல் ஏற்கெனவே 255 காட்டினால் இதில் கைவைக்க வேண்டாம், ஓரத்தின் மிருதுதான் போகும்.

நோடு முறையில் டைட்டிலின் நிறத்தைத் திருத்தியதும் ஃபிரேம் முழுக்க மெல்லிய திரை விழுகிறது.

பிரீமல்டிப்ளைடு படத்தில் ஆல்ஃபா 0 உள்ள இடத்தில் நிறமும் 0 ஆக இருந்தாக வேண்டும். கருப்பை 0.02 ஏற்றினால் காலி இடமும் 0.02 ஆகும், மெர்ஜ் அதைப் பின்னணியோடு கூட்டும். நிறம் திருத்தும் முன் ஆல்ஃபாவால் வகுத்து, திருத்தியபின் பெருக்க வேண்டும். ஃபியூஷனின் கலர் கரெக்டரில் இதற்கு 'ப்ரீ-டிவைட் / போஸ்ட்-மல்டிப்ளை' டிக் இருக்கிறது. நியூக் மென்பொருளில் அன்பிரீமல்ட் நோடுக்கும் பிரீமல்ட் நோடுக்கும் நடுவில் கிரேடை வையுங்கள்.

மங்கலாக்குவதற்கும் அளவு மாற்றுவதற்கும் நேர்மாறு, அவை பெருக்கிய படத்தில்தான் நடக்க வேண்டும். பிஎன்ஜியின் காலி இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ நிறம், பெரும்பாலும் கருப்பு, படுத்திருக்கும். வெள்ளைப் பிக்சலையும் அந்தக் காலிப் பிக்சலையும் ஸ்ட்ரெயிட்டாகவே சராசரி எடுத்தால் நிறம் 128, ஆல்ஃபா 128. வெள்ளைச் சுவர் மேல் வைத்தால் மறுபடியும் அந்த 192. செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் லோகோவைச் சின்னதாக்கும்போது மட்டும் ஓரம் கறுத்தால், மென்பொருள் உள்ளே இப்படித்தான் சராசரி எடுக்கிறது. லோகோவைத் திரையில் வரும் அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது எழுத்தின் நிறத்தைக் காலி இடத்துக்கும் சில பிக்சல் பரப்பிவைத்த கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மெல்லிய நிழலில் வரிவரியாகப் படிக்கட்டு தெரிகிறது.

8 பிட் ஆல்ஃபாவில் 20 சதவீத நிழலுக்கு மொத்தமே 51 படிகள். அது 600 பிக்சலுக்குப் பரவினால் ஒரு படி ஏறத்தாழ 12 பிக்சல் அகலம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். புராஜெக்டை 16 பிட்டுக்கு மாற்றி, 16 பிட் ஆல்ஃபாவோடு புரோரெஸ் 4444 எடுங்கள். கடைசியில் எப்படியும் 8 பிட் எச்.264 தான் போகிறதென்றால், நிழலின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு நாய்ஸ், ஒரு சதவீதத்துக்குள், தூவிவிடுங்கள். வரிகள் உடைந்துவிடும்.